முருகேசனுக்கு, திருப்பூரிலிருந்து

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பெண்ணுக்கு மதுரையிலேயே காலேஜ் கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலையா?

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். தம்பியின் நிட்டிங் யூனிட்டில் துணி செக்கிங் மெஷினுக்கு மேலே ஒரு ஆண்ட்ராய்டு போனை மாட்டி, ஓடும் துணியில் ஓட்டை, ஊசிக் கோடு (பின்னும் ஊசி கெட்டால் விழும் கோடு), எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் கண்டுபிடிக்க ஒரு ஆப் எழுதுகிறேன். 'எந்த ஏஐ மாடல்?' என்றுதான் நீ முதலில் கேட்பாய், எல்லோரும் அதையே கேட்கிறார்கள். போனிலேயே ஏஐ மாடலை ஓட்டும் டென்சர்ஃப்ளோ லைட்டில், எண்களை 8 பிட்டுக்குச் சுருக்கிய சின்ன மாடல்தான், அது சமர்த்தாக வேலை செய்கிறது. உயிரை வாங்குவது வெளிச்சம்.

மெஷினில் இருந்தது பழைய டியூப்லைட். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் போன் கேமராவின் சென்சார் படத்தை வரிவரியாகத்தான் படிக்கிறது. ஷட்டர் வேகமாக இருந்தால் சில வரிகள் வெளிச்சத்திலும் சில வரிகள் மங்கலிலும் மாட்டி, படம் பட்டை பட்டையாக விழுகிறது. நல்ல துணியையும் ஆப் பழுது என்கிறது. எக்ஸ்போஷரை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 1/100 விநாடிக்கு வைத்தால் பட்டை போய்விடும், சரி. ஆனால் நிமிடத்துக்கு 20 மீட்டர் ஓடும் துணி அதற்குள் 3 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. சின்ன ஓட்டை இழுபட்டுக் காணாமலே போகும். ஊசிக் கோட்டுக்கு மட்டும் கவலை இல்லை; அது துணி ஓடும் திசையிலேயே விழுவதால் இழுபட்டாலும் கோடுதான்! கடைசியில் ஓட்டைக்காக டியூப்லைட்டைக் கழற்றி, டிசியில் (சீரான கரண்டில்) மங்காமல் எரியும் எல்இடி பட்டைகளை நெருக்கமாக மாட்டி, ஷட்டரை 1/1000-க்குக் கொண்டுவந்தோம்.

அப்புறம், உன் நம்பர் பிளேட் ஆப் திணறுகிறது என்று எழுதியிருந்தாய். கேமராவிலிருந்து விநாடிக்கு 30 ஃபிரேம் (படம்) என்றால் ஒவ்வொன்றுக்கும் 33 மில்லிசெகண்ட்தான். நீ ஃபிரேமை முதலில் வண்ணப்படமாக்கி, பிறகு படங்களை அலசும் ஓப்பன்சிவி லைப்ரரியில் கறுப்பு வெள்ளையாக்குகிறாய் என்று நினைக்கிறேன். எதற்கு இந்த வேலை? கேமரா கொடுக்கும் ஒய்யுவியில் (வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கும் வடிவம்) முதல் அடுக்கே கறுப்பு வெள்ளைப் படம்தானே. 1920-க்கு 1080 ஃபிரேமில் அது சுமார் 20 லட்சம் பைட். ஆர்ஜிபிஏ வண்ணப்படம் ஆக்கினால் 83 லட்சம். அந்த அடுக்கை மட்டும் எடுத்துக்கொள். சில போன்களில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் உபரி பைட்கள் ஒட்டியிருக்கும், அதனால் ரோ ஸ்டிரைடை (ஒரு வரிக்கு மொத்தம் எத்தனை பைட் என்பதை) பார்த்துப் படி. இல்லாவிட்டால் படம் சாய்ந்துகொண்டு வரும். ஆண்ட்ராய்டின் கேமரா லைப்ரரியான கேமராஎக்ஸில் கடைசி ஃபிரேமை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடு, பின்தங்கியவற்றைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். வேலை முடிந்ததும் ஃபிரேமை மூட மறந்தால் அடுத்தது வரவே வராது.

இன்னும் ஒன்று, சூடு. ஆபீஸ் ஏசியில் பறக்கிற ஆப், யூனிட்டின் வெக்கையில் கொஞ்ச நேரத்திலேயே தவழ ஆரம்பிக்கிறது. போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சிப்பின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. பின்மூடியைக் கழற்றி ஒரு சின்ன ஃபேன் வைத்திருக்கிறோம். பார்க்க அசிங்கம், ஆனால் ஓடுகிறது.

ஷட்டரை நம் இஷ்டத்துக்கு வைக்க எல்லாப் போன்களும் விடுவதில்லை. பொங்கலுக்கு வரும்போது பீரோவில் சும்மா கிடக்கும் உன் பழைய போனை எடுத்து வா. அதில் ஷட்டரை நாமே வைக்க விடும் மேனுவல் சென்சார் வசதி இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் உனக்குத் திரும்பக் கிடைக்காது, இப்போதே சொல்லிவிட்டேன்.

உன்,
சண்முகம்