கேஸ் மாத்திரை: அட்டையின் பின்புறத்தையும் படியுங்கள்

ஆசிரியருக்கு,

நெஞ்செரிச்சல் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் சிறுநீரகம் கெடும், மறதி வரும் என்ற தங்கள் கட்டுரை பாதி விஷயத்தோடு நின்றுவிட்டது. அந்தச் சந்தேகங்களைக் கிளப்பிய ஆய்வுகளில் மாத்திரை சாப்பிட்டவர்களில் பலர் ஏற்கெனவே பல நோய் உள்ளவர்கள். பாதிப்பு மாத்திரையாலா, நோயாலா என்று பிரிப்பது கடினம். 2019இல் முடிவு வெளியான காம்பஸ் ஆய்வில் 17,598 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பான்டோபிரசோல் என்ற நெஞ்செரிச்சல் மாத்திரை 40 மி.கி., மற்றதற்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டும்: 1.0 சதவீதம் 1.4 ஆனது. பத்து வருடம் சாப்பிடுபவருக்கு இது முழுப் பதில் அல்ல. இரண்டாண்டு தாண்டியவர்கள், குறிப்பாக மெட்ஃபார்மினும் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள், பி12 வைட்டமின் குறைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. நாகர்கோவிலானாலும் மார்த்தாண்டமானாலும் “கேஸ் மாத்திரை” என்று கேட்டால் கிடைப்பது பல நேரம் பான்டோபிரசோலோடு டாம்பெரிடோன் 30 மி.கி. சேர்ந்த கேப்சூல். குமட்டலுக்கான மருந்தான டாம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது. ஐரோப்பாவில் 2014 முதல் அதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும் கொடுத்து, பொதுவாக ஒரு வாரத்துக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். இங்கே அது வருடக்கணக்கில் போகிறது. டாம்பெரிடோனுக்குப் பதில் லெவோசல்பிரைடு என்ற மருந்து சேர்ந்த கேப்சூல் என்றால் வயதானவர்களுக்குக் கைநடுக்கம், உடல் இறுக்கம் வரலாம்; அதைப் பார்க்கின்சன் நோய் என்று நினைத்து இன்னொரு மருந்தும் தொடங்கிவிடுவார்கள்.

நேரமும் முக்கியம். பான்டோபிரசோல், வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகள் இயங்கும்போதுதான் அவற்றை அடைக்கும். ரத்தத்தில் சில மணி நேரமே இருக்கும். விடியுமுன் கட்டன்சாயாவோடு விழுங்கிவிட்டு ரப்பர் பால்வெட்டப் போய், ஒன்பது, பத்து மணிக்குச் சாப்பிடுபவருக்குப் பலன் குறைவு. சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போட வேண்டும். பலன் தெரியவில்லை என்று இரவிலும் ஒன்று சேர்ப்பது இப்படித்தான் தொடங்குகிறது. இரவு பத்துக்கு மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்டு உடனே படுத்தால் எந்த மாத்திரையும் முழுதாகக் கைகொடுக்காது.

பல மாதம் சாப்பிட்டதைச் சட்டென நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து சில வாரம் படுத்தும். அதை நோய் திரும்பியதாக எண்ண வேண்டாம். மருத்துவரிடம் கேட்டு, 40ஐ 20 ஆக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைக்கலாம். இடையில் எரிந்தால் அமிலம் மேலேறாமல் தடுக்கும் ஆல்ஜினேட் சிரப் போதும். ஆனால் வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், அமிலம் பட்டுப்பட்டு உணவுக்குழாயின் உட்படலம் மாறிய (பாரெட் மாற்றம்) நிலை உள்ளவர்கள், ஆஸ்பிரின் சாப்பிடும் முதியவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள், பான்டோபிரசோல் வகையைச் சேர்ந்த ஒமிபிரசோலைத் தவிர்க்க வேண்டும். விழுங்கச் சிரமம், கறுத்த மலம், காரணமில்லா எடைக்குறைவு இருந்தால் எண்டோஸ்கோபிக்குத் தாமதம் வேண்டாம்.

ஒரு மருந்தாளுநர்,
தக்கலை