மூக்கைட் ஜாஸ்பர் கல் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். மஞ்சளும் செங்கபிலமும் இளம் ஊதாவும் பாலாடை வெண்மையும் ஒரே கல்லில் கலந்திருக்கும் வெள்ளிப் பதக்கங்களையும் மோதிரங்களையும் எமது கடையில் பார்த்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். இது இரத்தினபுரிக் கல்லா என்பது ஒன்று. எந்தக் கிரகத்துக்கு உரியது என்பது மற்றொன்று. இது இலங்கைக் கல் அன்று. நவமணிகளுள் ஒன்றும் அன்று. விற்பவர் வாயிலிருந்து இவ்வாறான விடை வருவது சிலருக்கு வியப்பளிப்பதால், இக்கல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மூக்கைட் என்பது ஜாஸ்பர் எனப்படும், ஒளி ஊடுருவாத குவார்ட்ஸ் வகைக் கற்களுள் ஒன்று. மேற்கு அவுஸ்திரேலியாவில், கார்னர்வன் நகருக்குக் கிழக்கே உள்நாட்டில் அமைந்த கென்னடி மலைத்தொடரை அண்டிய மூக்கா ஓடைப் பகுதியில் இது வெட்டியெடுக்கப்படுகிறது. இன்று வறண்ட மேய்ச்சல் நிலமாகக் கிடக்கும் அப்பகுதி, பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஆழமற்ற கடலாக இருந்தது. அக்கடலில் மிதந்து வாழ்ந்த ரேடியோலேரியா எனும் ஒருகல நுண்ணுயிர்கள் தம் உடற்கூட்டைச் சிலிக்காவினால் அமைத்துக்கொண்டவை. கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய அக்கூடுகள், உயிர்கள் மடிந்தபின் கடலடியில் சேறாகப் படிந்தன. காலப்போக்கில் அச்சேற்றிலிருந்த சிலிக்கா கரைந்து, மீண்டும் இறுகி, மிக நுண்ணிய குவார்ட்ஸ் மணிகளாகி, இடைவெளிகளை நிரப்பிக் கல்லாயிற்று. பின்னர் பாறையினூடே ஊறிய நீர் கொண்டுவந்த இரும்புச் சேர்மங்களே அதற்கு நிறமூட்டின: ஹேமடைட் படிந்த இடம் சிவந்தது, கோதைட் படிந்த இடம் மஞ்சளாயிற்று, இரும்பு எட்டாத இடம் வெண்மையாகவே நின்றது. நீர் ஊறிய வழி இடத்துக்கு இடம் வேறுபட்டதனால்தான் ஒரு கல்லின் கோலம் இன்னொன்றில் அமைவதில்லை. ஒரே கோலத்தில் ஒரு சோடித் தோடு கேட்பவர்களுக்கு, ஒரு துண்டை நடுவே அறுத்து இரண்டாகத் தருவதைத் தவிர எமக்கு வேறு வழியில்லை. அப்போதும் இரண்டும் அச்சொட்டாக இரா.

இரத்தினபுரி நீலக்கல்லின் பிறப்பு முற்றிலும் வேறானது. அது நிலத்தின் ஆழத்தில் பெரும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவாகி, ஒளி ஊடுருவும் பளிங்காக வளர்ந்தது. ஜாஸ்பரினூடே ஒளி செல்லாது. ஆகையால் இதற்குப் பட்டை தீட்டுவதில்லை; மேற்புறத்தைக் குவித்து மெருகேற்றுவதே வழக்கம். நீலக்கல்லுக்குக் கரட் கணக்கில் விலை பேசப்படும். வெட்டாத ஜாஸ்பரோ கிலோக் கணக்கில் விற்கப்படுகிறது. எமது கடையில் ஒரு மூக்கைட் பதக்கத்தின் விலையில் பெரும்பகுதி வெள்ளிக்கும் வேலைக்கூலிக்கும் உரியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இதன் அடர்த்தி நீலக்கல்லின் அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்களவே என்பதால், பெரிய கல்லைத் தோட்டில் வைத்தாலும் காதை அதிகம் இழுப்பதில்லை.

கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில் இது 6.5 முதல் 7 வரை நிற்கும். கத்தி முனை இதைக் கீறாது. வெளிறிய துண்டுகள் சில முழுவதும் இறுகாமல் சற்று மென்மையாக இருப்பதுண்டு. அவற்றை மோதிரத்துக்கு நாம் பரிந்துரைப்பதில்லை. நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளுக்கு இவற்றை அணிந்து செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸும் இதே கடினமுடையது, புல்மோட்டைக் கனிம மணலில் இருக்கும் சேர்கோனோ இதைவிடக் கடினமானது. மணலில் உராய்ந்தால் மெருகு மங்கும். உப்புநீர் பட்டால் வெள்ளி கறுக்கும். இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் கழுவி, மென்மையான துணியால் துடைத்தாலே போதும். வெளிற்றும் திரவங்களை அறவே தவிர்க்கவும்.

இக்கல் எதைக் குறிக்கும், என்ன பலன் தரும் என்றும் கேட்கிறீர்கள். ஜாஸ்பரை மனிதர் போற்றியது நேற்று இன்றல்ல. தமிழ்நாட்டின் கொடுமணல் அகழாய்வில் சூதுபவளம், பெரில் முதலியவற்றுடன் ஜாஸ்பரும் கிடைத்துள்ளது. விவிலியத்தில் தலைமைக் குரு ஆரோனின் மார்ப்பதக்கத்துக்குரிய பன்னிரண்டு கற்களுள் இறுதியாக யஸ்பி, அதாவது ஜாஸ்பர், குறிக்கப்படுகிறது. ஆயினும் பழங்காலத்தார் அப்பெயரால் அழைத்தது பெரும்பாலும் பச்சை நிறக் கல்லையே. மூக்கைட் மனவுறுதி தரும், மாற்றங்களை ஏற்கும் துணிவைத் தரும் என்று வெளிநாட்டு விற்பனையாளர்கள் சொல்வது அண்மைக்கால வழக்கு. அந்த எண்ணத்தோடு ஒருவர் அணிவதில் எமக்கு மறுப்பில்லை. நோய் தீர்க்கும் என்று மட்டும் நாம் சொல்ல மாட்டோம். செவ்வாய்க்குப் பவளம் அணியுமாறு சோதிடர் சொல்லியிருந்தால், பவளத்தையே வாங்குங்கள்; சிவப்பு ஜாஸ்பர் அதற்கு மாற்றாகாது.

கடைசியாக, போலிகள். சாயமேற்றிய ஹௌலைட் எனும் வெண்ணிறக் கனிமமும், கற்தூளைப் பிசினுடன் அழுத்திச் செய்த கட்டிகளும் பலநிற ஜாஸ்பர் என்ற பெயரில் சந்தையில் உலவுகின்றன. கண்ணைப் பறிக்கும் நீலமோ இளஞ்சிவப்போ கொண்ட ஜாஸ்பரைக் கண்டால் ஐயுறுங்கள். மூக்கைட்டின் நிறங்கள் மண்ணின் நிறங்களே. உருப்பெருக்கியால் பார்க்கையில் வெடிப்புகளில் நிறம் தேங்கியிருந்தால் அது சாயம். நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சில் நிறம் ஒட்டினாலும் அவ்வாறே. வேறிடத்தில் வாங்கிய கல்லில் ஐயமிருந்தால் கொண்டுவாருங்கள்; கட்டணமின்றிப் பார்த்துச் சொல்கிறோம். எம்மால் உறுதிசெய்ய இயலாதவற்றை, கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
கடை உரிமையாளரும் பணியாளரும்,
திருகோணமலை.