பூ மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

ஜூலை 23 வந்தால் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் கட்சிக்காரர்கள் தனித்தனியாக வந்து ஆற்றில் பூத் தூவி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். சரி, அப்புறம்? 1999-ல் இதே நாளில், மாஞ்சோலை மலைத் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்கள், போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கி 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. பக்கத்தில் சுலோசன முதலியார் பாலத்தை 1843-ல் சொந்தக் காசில் கட்டியவரின் கதை கல்வெட்டில் இருக்கிறது, காலேஜ் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். கீழே நடந்தது அவர்களுக்குத் தெரியவில்லை (அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய?). 2024-ல் எஸ்டேட் வேலையும் நின்று, பார்த்த சனமெல்லாம் மலையிறங்கிச் சிதறுகிறது. அதற்குள் 17 பெயரையும் ஒரு கல்லில் வெட்டி ஆற்றங்கரையில் நடுங்கள், எந்தக் கட்சிப் பெயரும் அதில் வேண்டாம்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை