மாணவரின் வயது 51

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் அரங்கேற்றப் படங்களுக்குக் குறைவே இல்லை. பட்டு, மாலை, பக்கத்தில் குரு, பின்னால் அப்பா அம்மா. பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பின்வரிசையில் நிற்கும் அப்பா அம்மாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். எட்டு, பத்து வருடம் பிள்ளையை வகுப்புக்கு ஏற்றி இறக்கி, வெளியே பிளாஸ்டிக் கதிரையில் காவல் இருந்து, உள்ளே நடக்கும் பாடத்தில் பாதியைக் காதாலேயே பிடித்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் 'எனக்கும் சொல்லித் தாருங்கள்' என்று கேட்டால் கொழும்பில் போக இடமிருக்கிறதா? நான் கேட்டுப் பார்த்தேன்.

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு, கோட்டையில் கணக்கு வேலை, வயது 51. மகள் வயலின் படித்தாள், சாதாரண தரப் பரீட்சை வந்ததும் வழக்கம்போல நிறுத்தியாகிவிட்டது. பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறியது. போன வருடம் தூசி தட்ட இறக்கியவன் திரும்ப ஏற்றவில்லை, அவ்வளவுதான் கதை.

முதலில் போன இடத்தில் ஒரு படிவம் தந்தார்கள். பிள்ளையின் பெயர், பாடசாலை, படிக்கும் வகுப்பு, பெற்றோர் கையொப்பம். 'எனக்குத்தான்' என்றேன். அங்கிருந்த பெண் என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், 'சரி, நிரப்பித் தாங்கோ' என்றார். பாடசாலை என்ற இடத்தில் கந்தோர் பெயரை எழுதினேன். கையொப்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடமே வாங்கினேன், அவவுக்கு 79, கண்ணாடியைத் தேடி எடுத்து மிகக் கவனமாகப் போட்டுத் தந்தா. ஆனால் வகுப்பு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளோடு. சனி அரை நாள் எனக்கு வேலை. வேறு நேரம் இல்லையா என்று கேட்டதற்குப் பதில், 'பெரிய ஆட்களுக்கு நாங்கள் எடுக்கிறதில்லை, அவை தொடர்ந்து வராயினம்.' இன்னும் இரண்டு இடங்களிலும் இதே பதில்தான்.

கடைசியில் ஒரு ரீச்சர் கிடைத்தார், என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட. செவ்வாய்க்கிழமை இரவு ஏழரைக்கு. நான் அவரை ரீச்சர் என்கிறேன், அவர் என்னை அங்கிள் என்கிறார், ஏச்சு விழும்போதும் அங்கிள்தான். 'அங்கிள், வில்லு முறியப்போகுது, இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்கோ.'

இந்த வயதில் தொடங்கினால் என்ன நடக்கும் என்று யாரும் உள்ளபடி சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். சம்மணம் கட்டி உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் சாய்க்க வேண்டும், மறுமுனை நெஞ்சோடு. பதினைந்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும், எழும்பும்போது சுவர் வேண்டும். வீணைக்காவது தண்டின் குறுக்கே மெட்டுக் கட்டைகள் இருக்கின்றன, விரல் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். வயலினில் ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்புப் பலகை. ஒரு மயிரிழை தள்ளி வைத்தாலும் ரிஷபம், அதாவது 'ரி' ஸ்வரம், பிசகும். தொடக்கப் பாடங்களுக்குரிய மாயாமாளவகௌளை ராகத்தில் ஸவுக்கும் ரிக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு, அந்தச் சின்ன இடத்துக்குள் என் விரல் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. பிசகினது காதுக்கு உடனே தெரிகிறது, அதுதான் கொடுமை. ஏழு வயதுப் பிள்ளைக்கு விரல் முந்தி ஓடும், காது பிறகு வரும். எனக்கு நாற்பது வருடம் கேட்ட காது, நேற்றுப் பிறந்த விரல். முதல் பாடமான சரளி வரிசையில், அதுவும் மெதுவான முதற்காலத்தில் மட்டும் நாலு மாதம் போனது. லிப்டில் கீழ்மாடிக்காரர், 'மகன் இப்பதான் தொடங்கியிருக்கிறார் போல' என்றார். எனக்கு மகன் இல்லை. ஓம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

பிந்தித் தொடங்கியவன் நான் மட்டுமல்ல. மனைவியின் ஊர் மலையகத்துப் பொகவந்தலாவை. அங்கே மேரி மாதா தேவாலயத்து மயானத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணியின் கல்லறை இருக்கிறது. பல தடவை அந்த வழியால் போயும் யார் என்று கேட்டதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவராம். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தபோது அவருக்கு 48 வயது. நிலக்கரி போட்டு வைத்த கொட்டிலை இருட்டறையாக்கி, கோழிக்கூட்டைப் படம் பிடிக்கும் இடமாக்கினார். படங்கள் தெளிவில்லை என்று அந்தக் காலத்து ஆட்கள் குற்றம் சொன்னார்கள், அவர் பாட்டுக்குச் செய்தார். 1875இல் இலங்கைக்கு வந்து, இங்கேயும் தோட்டத்து மக்களைப் படம் எடுத்து, 1879இல் இங்கேயே இறந்தார். கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன, கூப்பிட்ட குரலுக்கு வேலையாட்கள் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். எனக்கு இருப்பது இரண்டு அறையும், நான் வாசிக்கத் தொடங்கினால் ரீவியின் சத்தத்தைக் கூட்டும் மனைவியும். கொழும்பிலும் ஜெப்ரி பாவா வழக்கறிஞராக இருந்துவிட்டு, 1957இல் 38 வயதில்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார்.

எங்கள் வகுப்புகள் எல்லாம் பரீட்சையை வைத்தே ஓடுகின்றன. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை, தரம் தரமாகச் சான்றிதழ். பிள்ளைகளுக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் சான்றிதழை எங்கே கொண்டுபோய்க் காட்டுவேன்? மேடையும் வேண்டாம். தெரிந்த ஒரு கீர்த்தனையைப் பிசகில்லாமல் ஒரு தடவை வாசித்தால் போதும் என்றிருப்பவனுக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை. ஆசிரியர்களையும் குற்றம் சொல்ல முடியாது, பிள்ளை பாஸானால்தான் அடுத்த பிள்ளை வரும்.

நான் கேட்பது சின்ன விஷயம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் கோயில் மண்டபங்களும் பாடசாலை மண்டபங்களும் கிழமை நாட்களில் இரவு ஏழு மணிக்குப் பல நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. நாற்பது தாண்டியவர்களுக்கு, பரீட்சை இல்லாமல், கிழமைக்கு ஒரு நாள், பாட்டோ மிருதங்கமோ சித்திரமோ யாராவது தொடங்கலாமே. தரையில் உட்கார முடியாதவர்களுக்குக் கதிரை கொடுத்தால் சரஸ்வதி கோபிக்க மாட்டா. ஏற்கெனவே அப்படி எடுப்பவர்கள் இருந்தால் நேரத்தையும் இடத்தையும் இந்தப் பக்கத்துக்கு எழுதட்டும், நீங்களும் அரங்கேற்றப் படங்களுக்குக் கீழே இரண்டு வரி ஒதுக்குங்கள்.

என் கந்தோரில் மட்டும் மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்குப் புல்லாங்குழல் ஆசை, பல்லுக் கட்டியபிறகு ஊதலாமா என்பதுதான் அவருடைய சந்தேகம். என் ரீச்சரிடம் இனி இடமில்லை.

இப்படிக்கு,
ஒரு செவ்வாய்க்கிழமை மாணவன்,
வெள்ளவத்தை.