எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் கப்பலின் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் என்ற பழைய இரும்பு நீராவிக் கப்பலைப் பேணும் உங்கள் அறக்கட்டளைக்குத் தலைமைச் செயல் அலுவலர் ஒருவரை எப்போது தேர்ந்தெடுத்தாலும், கூட்டம் சேர்க்கும் திறமைக்கு முன்பாக, அந்தக் கப்பலின் இரும்பைக் காக்கும் பொறுப்புணர்வு அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள் எனக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பொறியாளர் புரூனல் வடிவமைத்து 1843 ஜூலை 19 அன்று நீரில் மிதக்கவிடப்பட்ட இக்கப்பல், பிற்காலத்தில் தென் அட்லாண்டிக்கிலுள்ள ஃபாக்லாந்து தீவுகளில் மிதக்கும் கிடங்காகி, 1937இல் அங்கேயே கரையோரம் கைவிடப்பட்டு, 1970இல் மிதவை ஒன்றின்மேல் ஏற்றப்பட்டு, தான் கட்டப்பட்ட அதே உலர்துறைக்கு (நீரை வெளியேற்றிக் கப்பலை நிறுத்தும் துறைக்கு) திரும்பியது. ஆனால் கடலின் உப்பும் இரும்புக்குள் ஊறியபடியே உடன் வந்துவிட்டது. தகடுகளில் புகுந்த குளோரைடு என்ற உப்புக்கூறு, காற்றில் சிறிது ஈரம் கிடைத்தாலும் துருவை வளர்க்கிறது. மேலே வண்ணம் பூசுவதால் அது அடங்குவதில்லை. ஆகவேதான் 2005இல் கப்பலின் நீர்மட்டக் கோட்டை ஒட்டிக் கண்ணாடித் தளம் அமைத்து, அதற்கு அடியிலுள்ள காற்றின் ஈரப்பதத்தை ஏறத்தாழ 20 விழுக்காட்டில் நிறுத்தும் இயந்திரங்களைப் பொருத்தினீர்கள். மழைக்குப் பேர்போன ஊரில், ஒரு கப்பலைச் சுற்றிப் பாலைவனக் காற்றை இரவும் பகலும் ஓயாமல் நிலைநிறுத்துவது எளிய பணியன்று. பார்வையாளர்கள் கண்ணாடியின் மேல் ஓடும் மெல்லிய நீர்ப்படலத்தை வியந்து பார்க்கிறார்கள். நானோ, கப்பலின் ஆயுள் அதன் கீழே உள்ள வறண்ட காற்றில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

புதிய காட்சிக்கூடத்துக்கு நன்கொடையாளர் கிடைப்பார். அதன் வாசலில் அவர் பெயரைப் பொறிக்கலாம். மின்கட்டணத்துக்கும், தேய்ந்த இயந்திரத்தை மாற்றுவதற்கும் பணம் தர முன்வருவோர் அரிது. அந்தப் பணத்தை விடாது கேட்டுப் பெறுபவரையே நான் நல்ல தலைவர் என்பேன்.

அவர் கப்பலின் முழு வரலாற்றையும் சொல்லத் துணிந்தவராகவும் இருக்க வேண்டும். 1861இல் ஆஸ்திரேலியா சென்ற முதல் ஆங்கிலேயக் கிரிக்கெட் அணியை ஏற்றிச் சென்ற இதே கப்பல், 1857இல் இந்தியக் கிளர்ச்சியை ஒடுக்கப் படைவீரர்களைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தது. இந்தியாவிலிருந்து வரும் பார்வையாளருக்கு இந்த இரண்டாவது செய்தி சிறியதல்ல.

எனவே மூன்று வேண்டுகோள்கள். அறங்காவலர் கூட்டம் ஒவ்வொன்றும் ஈரப்பத அளவீடுகளையும் தகடுகளின் நிலையையும் பற்றிய அறிக்கையோடு தொடங்கட்டும். இயந்திரங்களைப் புதுப்பிப்பதற்கான நிதி, வேறெதற்கும் எடுக்க இயலாதபடி தனியே இருக்கட்டும். கப்பலின் இரும்பைப் பேணும் பிரிவின் பொறுப்பாளர், தலைமைச் செயல் அலுவலருடன் உடன்படாத வேளையிலும், உங்களிடம் நேரடியாகப் பேசும் உரிமை பெற்றிருக்கட்டும். இம்மூன்றையும் பணி நியமன ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுமாறு வேண்டுகிறேன்.

மரியாதையுடன்,
பழங்கப்பல்களில் அக்கறை கொண்ட ஒருவர்