சேகருக்கு, தங்கச்சி கை விஷயமாக

குடியாத்தம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்தியது தெரிந்து ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம், வெயில்தான் குறைந்தபாடில்லை. ஆனால் கடைசியில் நாலு வரி தங்கச்சியின் கையைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ராத்திரியில் விரல் மரத்துப்போகிறது, எழுந்து உதறினால் சரியாகிவிடுகிறது, வலி இல்லை, அதனால் விட்டுவிட்டோம் என்கிறாய். விடாதேடா.

எந்த விரல் மரத்துப்போகிறது என்று முதலில் கேள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவும் மரத்து சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்தால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கார்ப்பல் டனல் என்போம். அங்கே எலும்புக்கும் கெட்டியான ஒரு நார்ப்பட்டைக்கும் நடுவே குறுகலான வழி, அதற்குள் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன, லேசாக வீங்கினாலும் அடிபடுவது நரம்புதான். சுண்டுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, முழங்கையில் தேட வேண்டும். இரண்டு புறங்கைகளையும் ஒட்டி வைத்து, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல். அதே விரல்கள் மரத்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும். சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடு, இரண்டுமே இதைக் கொண்டுவரும்.

ஆரம்பம் என்றால் பயம் வேண்டாம். ராத்திரியில் மணிக்கட்டு மடங்காதபடி ஸ்பிளிண்ட் என்ற விறைப்பான பட்டையைக் கட்டிப் படுத்தாலே பலருக்குக் குறைகிறது, இல்லாவிட்டால் ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் அந்த நார்ப்பட்டையை வெட்டிவிடும் சின்ன ஆபரேஷன். ஆனால் கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கைச் சதை வற்ற ஆரம்பித்துவிட்டால் நாள் கடத்தக் கூடாது, வற்றிய பிறகு செய்தால் பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். பட்டு இழை அறுந்தால் விரல் நுனியால் தடவியே பிடித்து முடிகிற கைடா அது.

வலி இல்லாததை நல்ல செய்தி போல நீ எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது. நாம் சின்ன வயதில் வேலூர் கோட்டைப் பக்கம் விரல் இல்லாத ஆட்களைப் பார்த்து, தொழுநோய் விரலைத் தின்றுவிடுகிறது என்று நினைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 1946ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் அது அப்படி இல்லை என்று காட்டினார். உணர்ச்சி போன கை சூடான பாத்திரத்தை விடாமல் பிடிக்கிறது, காயத்தோடே வேலை செய்கிறது, அப்படித்தான் விரல் போகிறது. மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த நல்ல தசைநாணை மாற்றிப் பொருத்தும் ஆபரேஷனையும் அங்கேதான் செய்தார். தங்கச்சிக்கு இருப்பது அந்த நோய் இல்லை. ஆனால் மரத்த கை எதுவானாலும் அதே ஆபத்து உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வருஷம் முன்னால் சைக்கிளில் விழுந்து உள்ளங்கையை ஊன்றிய ஒரு பையனை, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சுளுக்கு என்று அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் கழித்து வந்தான், கட்டைவிரல் அடியில் இருக்கும் ஸ்கேஃபாய்ட் என்ற சின்ன எலும்பு முறிந்து கூடாமலே கிடந்தது. அதற்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்துதான் போகிறது, உடைந்தால் பின்பாதி பட்டினி கிடக்கும். முதல் நாள் படத்தில் அந்த முறிவு தெரியாமலே போகலாம் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான், அன்றைக்கு அவசரத்தில் விட்டேன். கட்டைவிரலை விரித்தால் அடியில் விழும் குழியை அழுத்தி வலித்தால், இப்போதெல்லாம் படம் எப்படி இருந்தாலும் கட்டுப் போட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கிறேன். அந்தப் பையனின் முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் இத்தனை வற்புறுத்துகிறேன். வருகிற வியாழன் ஆரணியிலிருந்து காலையிலேயே கிளம்பி வாருங்கள், சாப்பாடு வீட்டில்தான். நான் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் நரம்பு டெஸ்டுக்கு வேலூருக்கு நானே கூட வருகிறேன். அதுவரை தறியை உன் பையன் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
தாமு