பல் மருத்துவம் படித்து வெளிநாடு போகும் பிள்ளைகளுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் பி.டி.எஸ். என்ற பல் மருத்துவப் பட்டம் முடித்தவள். நாலு வருஷப் படிப்பு, அப்புறம் ஒரு வருஷப் பயிற்சி. "லண்டனில் நேரடியாக வேலை" என்று சொன்ன ஒரு ஏஜென்ட்டை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தோம், நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. அங்கே நம் பட்டம் மட்டும் போதாது, வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்களுக்கு அங்கே நடத்தும் ஓ.ஆர்.இ. தேர்வில் எழுத்து, செய்முறை என்று இரண்டு பகுதியும் தேற வேண்டும், அதற்கு இடம் கிடைப்பதே பெரும்பாடு என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அமெரிக்கா என்றால் ஐ.என்.பி.டி.இ. என்ற தேசியப் பல் மருத்துவத் தேர்வு எழுதிய பிறகும் பெரும்பாலும் அங்குள்ள கல்லூரியில் இரண்டு, மூன்று வருஷம் மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. வளைகுடா நாடுகளில் சான்றிதழ் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு இரண்டும் உண்டு. எங்கே போனாலும் நம் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலின் நன்னிலைச் சான்று (பதிவு செய்தவர், புகார் நடவடிக்கை ஏதும் இல்லாதவர் என்ற சான்று) கேட்பார்கள்.

சரி, இதையெல்லாம் பயிற்சி வருஷத்திலேயே ஒரு நாள் உட்காரவைத்துச் சொல்லக் கூடாதா? சிதம்பரத்திலும் புதுச்சேரியிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஏற்கெனவே வெளிநாடு போய்த் தேறிய சீனியர்களை அழைத்துப் பேச வைத்தாலே போதும். கல்லூரி முதல்வர்கள் இந்த ஆண்டே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு தாய்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்